தோளுக்கு ஏற்ற தோட்டா: மானுக்கும் எல்க்குக்கும் உதை குறைந்த ரைஃபிள் பார்த்து வாங்குவது

என் வலது புருவத்துக்கு மேல் பிறைநிலா மாதிரி ஒரு தழும்பு இருக்கிறது. போன முறை விருதுநகர் போயிருந்தபோது, "கதவுல இடிச்சிக்கிட்டியாடி?" என்று சித்தி கேட்டாள். ரைஃபிள் மேல் இருக்கும் ஸ்கோப், அந்தக் குறிபார்க்கும் தொலைநோக்கி, வெட்டியது என்று எப்படிச் சொல்வது? ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

கொலராடோவுக்கு வந்து ஆறாவது வருஷம், என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் வேட்டைக்குக் கூட்டிப்போகிறேன் என்றார். பழகுவதற்குத் தன்னுடைய .300 வின்செஸ்டர் மேக்னத்தைக் கையில் கொடுத்தார். நான் 5 அடி 1 அங்குலம், 52 கிலோ. ரைஃபிளின் கட்டை எனக்கு நீளம். தோள்குழியில் உட்காராமல் புஜத்தில் தொங்கியது. கழுத்தை நீட்டி ஸ்கோப்புக்குள் எட்டிப் பார்த்தபடி டிரிக்கரை இழுத்தேன். வெடித்த சத்தம் ஞாபகமில்லை. மூக்கு ஓரமாக ஏதோ சூடாக இறங்கியதுதான் ஞாபகம். அவரைக் குறை சொல்லமாட்டேன். அவருக்கு அந்த ரைஃபிள் பழகியிருந்தது, எனக்குப் பழகவில்லை.

என்னைப் போலச் சிறிய உடம்புக்காரர்கள், தோள்பட்டையில் அறுவை செய்துகொண்டவர்கள், பதினைந்து வயதுப் பிள்ளையைக் கூட்டிப்போக நினைக்கும் அப்பா அம்மா, இவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். இதில் சொல்வதெல்லாம் கொலராடோவுக்கு. இந்தியாவில் 1972 சட்டத்துக்குப் பிறகு மான் வேட்டை குற்றம். அங்கே இருப்பவர்கள் இதைக் கதையாகப் படித்துக்கொள்ளுங்கள்.

முதலில் காகிதம். 1949 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை முடித்தால்தான் இங்கே லைசென்ஸ். கிரீன் கார்டு இருந்தால் ரைஃபிள் வாங்கலாம். ஹெச்-1பி மாதிரித் தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்குத் துப்பாக்கியும் தோட்டாவும் வைத்திருக்கவே கூட்டாட்சிச் சட்டத்தில் பொதுவாகத் தடை. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் கையில் இருந்தால் விலக்கு உண்டு. ஆனால் விசா விஷயத்தில் கடைக்காரர் சொல்வதை நம்பாமல் ஒரு வக்கீலைக் கேட்டுவிடுங்கள்.

சரி, உதை. அது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். குழலின் ஒரு முனையில் குண்டும் எரிந்த வெடிமருந்தின் வாயுவும் முன்னே பாய்கின்றன; அந்தப் பாய்ச்சலுக்குப் பதிலடியாக ரைஃபிள் பின்னே வருகிறது. ஆக மூன்றே விஷயம்: குண்டின் எடையும் வேகமும், மருந்தின் அளவு, ரைஃபிளின் எடை. குண்டின் எடையை இங்கே கிரெயின் கணக்கில் சொல்வார்கள். எனக்கு அது மண்டையில் ஏறவே இல்லை. பிறகு பவுனுக்கு மாற்றிப் பார்த்தேன், உடனே பிடிபட்டது. ஒரு பவுன் 8 கிராம். 140 கிரெயின் குண்டு 9 கிராம், ஒரு பவுனுக்குக் கொஞ்சம் மேலே. 180 கிரெயின் குண்டு கிட்டத்தட்ட ஒன்றரைப் பவுன்.

ஸ்கோப்போடு சேர்த்து ஏழரைப் பவுண்டு எடையுள்ள ரைஃபிள் என்று வைத்து, வழக்கமான கடைத் தோட்டாக்களுக்கு நான் ஒரு ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். .243 வின்செஸ்டர் 100 கிரெயின் குண்டோடு சுமார் 10 ஃபுட்-பவுண்டு (ஆற்றலை அளக்க இங்கே சொல்லும் கணக்கு) உதைக்கும். 6.5 க்ரீட்மோர் 14. 7எம்எம்-08 ரெமிங்டன் 15. .308 சுமார் 17. .270 வின்செஸ்டர் 18, 19. .30-06 கிட்டத்தட்ட 24. என் புருவத்தைக் கிழித்த .300 மேக்னம் 32. மருந்து அளவு தோட்டாவுக்குத் தோட்டா மாறும், அதனால் ஒன்றிரண்டு முன்னே பின்னே இருக்கும், வரிசை மாறாது. என் அனுபவத்தில் 15 வரை ஒரு மத்தியானம் முழுக்கச் சுடலாம். 20-ஐத் தாண்டினால் பத்தாவது தோட்டாவிலேயே உடம்பு முகம் சுளிக்க ஆரம்பிக்கிறது.

தோள் வலியை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நாலு நாளில் போய்விடும். பயம்தான் போகாது. தழும்புக்குப் பிறகு இன்னொருவரின் .30-06-இல் பழகிக்கொண்டிருந்தேன். 100 கெஜத்தில் இலக்குக்குக் கீழே, இடப்பக்கமாகவே குண்டு விழுந்தது. ஸ்கோப்தான் கோளாறு என்று சாதித்தேன். ரேஞ்சில், அதாவது சுட்டுப் பழகும் மைதானத்தில், ஒரு வயதானவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நீ பார்க்காதே, நான் தோட்டா போட்டுத் தருகிறேன்" என்றார். ஐந்து முறை சுட்டேன். அதில் இரண்டு முறை வெடிக்காத பொய்த் தோட்டாவைப் போட்டிருக்கிறார். டிரிக்கர் 'டிக்' என்றது, வெடி இல்லை, உதையும் இல்லை. ஆனால் குழல் முனை ஒரு சாண் கீழே குத்தியது. என் தோள் தானாகவே முன்னே பாய்ந்திருக்கிறது, கண்ணும் மூடியிருக்கிறது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த தோட்டாவைப் போட்டுக் கொடுத்தார். ஸ்கோப் நன்றாகத்தான் இருந்தது.

இந்தச் சோதனையை, ரைஃபிள் வாங்குவதற்கு முன்பே, நண்பர்களின் ரைஃபிள்களில் செய்து பாருங்கள். பொய்த் தோட்டாவில் குழல் அசையாமல் நிற்கிறதா? அந்தக் காலிபர், அதாவது அந்தத் தோட்டா ரகம், உங்களுக்கு ஆகும். மற்றதெல்லாம் அட்டவணை.

இனி ஒவ்வொன்றாக. பெண் என்றால், பிள்ளை என்றால், கடைக்காரர் முதலில் எடுத்து நீட்டுவது .243. நான் போன கடையிலும் அதுதான் நடந்தது. பக்கத்தில் நின்ற என் கணவரைப் பார்த்தே பேசினார், அது வேறு விஷயம். .243 மோசமில்லை. 1955-இல் வந்தது, .308-இன் பித்தளைக் கூட்டைக் கழுத்தில் சுருக்கிச் செய்தது, கிராமத்துக் கடையில்கூடத் தோட்டா கிடைக்கும். இங்கேயுள்ள மியூல் டீருக்கு, அதாவது கோவேறு கழுதைக் காது வைத்த மானுக்கு, 250 கெஜம் வரை அது போதும். மானோடு நிறுத்திக்கொள்வேன் என்று உறுதியாகச் சொல்பவர்கள் அதையே வாங்கிவிட்டு இந்தப் பாராவோடு எழுந்து போகலாம்.

எல்க்குக்கு வந்தால் கணக்கு மாறுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் கடமான் பார்த்திருப்பீர்கள். எல்க்கும் மான் இனம்தான், ஆனால் அதையும் தூக்கிச் சாப்பிடும். பெண் எல்க் சுமார் 220 கிலோ, ஆண் சுமார் 320 கிலோ. தோள் எலும்பு நம் மணிக்கட்டுத் தடிமன். கொலராடோ சட்டம் எல்க்குக்குக் குறைந்தது .24 காலிபர் (0.24 அங்குல விட்டம்), 85 கிரெயின் விரியும் குண்டு, 100 கெஜத்தில் 1000 ஃபுட்-பவுண்டு தாக்கம் என்று கேட்கிறது. மானுக்கு 70 கிரெயின் போதும். இதில் ஒரு குழி இருக்கிறது: .243-க்கு நல்ல செப்புக் குண்டு ஒன்று 80 கிரெயினில் வருகிறது. மானுக்கு அருமையான குண்டு. எல்க்கைச் சுட்டால் சட்டமீறல். பெட்டியின் மேல் எல்க் படம் போட்டிருக்கிறதா என்று பார்க்காதீர்கள், எண்ணைப் பாருங்கள்.

.243-இல் 100 கிரெயின் போட்டால் சட்டப்படி எல்க் சுடலாம், பலர் சுடுகிறார்கள். எல்க்குக்கு 1500 ஃபுட்-பவுண்டு வேண்டும் என்பது வேட்டைக்காரர்களின் பழைய வாய்க்கணக்கு. அறிவியல் இல்லை, ஆனாலும் ஒரு அளவுகோல். .243 அதை 150 கெஜத்துக்குள்ளேயே இழந்துவிடுகிறது. விலங்கு பக்கவாட்டில் அசையாமல் நிற்க, சுடுபவர் கைதேர்ந்தவராக இருக்க, கிட்டத்தில் இருக்க, விழும். முதல் வருஷக்காரருக்கு அத்தனையும் ஒன்றாக வாய்க்காது. பிள்ளைக்கு உதை குறைவு என்று .243 வாங்கிக் கொடுத்து எல்க் மலைக்கு அனுப்புவது, கஷ்டமான வேலையைச் சின்னவன் தலையில் கட்டுவதுதான்.

6.5 க்ரீட்மோர் பற்றி இங்கே இரண்டு கட்சி இருக்கிறது. கேலி செய்கிறவர்களும் கும்பிடுகிறவர்களும். எனக்கு இரண்டும் வேண்டாம். 143 கிரெயின் குண்டு விநாடிக்கு 2700 அடி வேகத்தில் கிளம்பி, நீளமாக மெலிந்து இருப்பதால் காற்றில் வேகத்தைச் சீக்கிரம் விடாமல், 300 கெஜத்திலும் 1600-க்கு மேல் தாக்கம் வைத்திருக்கிறது. எல்லாக் கடையிலும் தோட்டா கிடைக்கிறது, ரைஃபிள் விலையும் கைக்கடக்கம். சந்தேகமாக இருந்தால் ஸ்வீடனைப் பாருங்கள்: 1894-இல் அவர்கள் ராணுவத்துக்கு எடுத்துக்கொண்ட 6.5×55 தோட்டாவும் கிட்டத்தட்ட இதே பலம்தான். அதை வைத்துத் தலைமுறை தலைமுறையாக மூஸ் வேட்டையாடுகிறார்கள். மூஸும் மான் இனம்தான், எல்க்கைவிடப் பெரிது.

நான் வாங்கியது 7எம்எம்-08. 1980-இல் ரெமிங்டன் வெளியிட்டது. அதுவும் .308 கூடுதான், 7 மில்லிமீட்டர் குண்டுக்குக் கழுத்தைச் சுருக்கியது. பெயரில் இருக்கும் 08 அங்கிருந்து வந்தது. 140 கிரெயின் குண்டு 2800 அடி வேகம். க்ரீட்மோரைவிட உதை ஒரு பிடி அதிகம், குண்டு ஒரு பிடி தடிமன், 300 கெஜத்தில் தாக்கம் 1500-ஐ ஒட்டி. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று சொன்னால் நான் சண்டைக்கு வரமாட்டேன். ஒரு ரகசியம் சொல்கிறேன்: நான் இந்தப் பக்கம் சாய்ந்ததற்குப் பாதிக் காரணம் ஜிம் கார்பெட். 1907-இல் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைக் கொன்றதற்காக அவருக்குப் பரிசாகக் கொடுத்த .275 ரிக்பி ரைஃபிள், 1892-இல் வந்த 7×57 மவுசர் தோட்டாவைத்தான் சுடும். இன்றைய 7எம்எம்-08 அதற்கு ஒட்டிப் பிறந்த தங்கை மாதிரி. சின்ன வயதில் அவர் கதைகளைக் கேட்டு வளர்ந்தவளுக்கு இது போதும். குறை என்னவென்றால், மலையடிவாரச் சின்ன ஊரில் இந்தத் தோட்டா கிடைக்கும் என்று நம்பிப் போகமுடியாது.

.257 ராபர்ட்ஸ், .260 ரெமிங்டன் எல்லாம் நல்ல சரக்கு; தோட்டா தேடி அலையத் தெம்பிருந்தால் வாங்குங்கள். .270-ம் .308-ம் கனமான ரைஃபிளில் பலருக்குச் சமாளிக்க முடியும். .30-06 உங்களுக்கு உதைக்கவில்லை என்றால் இந்தக் கட்டுரையே உங்களுக்கு இல்லை.

காலிபரைவிடக் குண்டு முக்கியம் என்று சொன்னால் பலருக்குக் கோபம் வருகிறது. ஜான் நோஸ்லர் கதையைச் சொல்லுகிறேன். 1946-இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு மூஸை அவர் சுட்டார், சுட்டார், விழவில்லை. கையில் இருந்தது .300 மேக்னம்; பலத்துக்குக் குறைவில்லை. குண்டு மேலேயே சிதறிவிட்டது, உள்ளே போகவில்லை. வீட்டுக்கு வந்து, நடுவில் ஒரு தடுப்புச் சுவர் வைத்து, முன்பாதி விரிந்தாலும் பின்பாதி முழுசாக உள்ளே போகிற குண்டைச் செய்தார். 1948-இல் கம்பெனி ஆரம்பித்தார். அந்தப் பார்ட்டிஷன் குண்டு இன்றும் கடையில் இருக்கிறது, என் ரைஃபிளிலும் அதுதான். உதை குறைந்த காலிபரில் எல்க் சுடப் போகிறவர் குண்டில் மட்டும் காசு மிச்சம் பிடிக்கக் கூடாது. முழுச் செப்புக் குண்டு இன்னொரு வழி. எடையை இழக்காது, கறியில் ஈயத் துணுக்கு சேராது. வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் நான் அதைத்தான் சொல்வேன்.

இப்போது ரைஃபிள். எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். 10,000 அடி உயரத்தில் ஏறவேண்டும், அதனால் எடை குறைவாக வாங்கு என்பார்கள். 7எம்எம்-08-ஐ ஆறரைப் பவுண்டு ரைஃபிளில் போட்டால் உதை 15-இலிருந்து 17-க்கு ஏறிவிடும். .308 வாங்கியதும் ஒன்றுதான், இதுவும் ஒன்றுதான். எட்டரைப் பவுண்டில் அதே தோட்டா 13-க்கு இறங்கும். என்னுடையது ஸ்கோப், வார், தோட்டா எல்லாம் சேர்த்து எட்டு. அந்தக் கூடுதல் எடைக்குப் பதிலாகப் பையிலிருந்து வேறு எதையாவது எடுத்து வெளியே வையுங்கள். நான் எடுத்து வைத்தது ஃபிளாஸ்க், இன்னும் வருத்தம்தான்.

கட்டையின் நீளம் அதைவிடப் பெரிய விஷயம். டிரிக்கரிலிருந்து கட்டை முனை வரை பொதுவாக பதின்மூன்றரை அங்குலத்துக்கு மேல் இருக்கும். எனக்குப் பன்னிரண்டரை வேண்டும். சோதிப்பது சுலபம்: ரைஃபிள் காலியாக இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, முழங்கையை மடக்கி, கட்டை முனையை முழங்கை மடிப்பில் வையுங்கள். ஆள்காட்டி விரல் டிரிக்கருக்கு வசதியாக எட்டவேண்டும். மலையில் கனத்த ஜாக்கெட் போடுவீர்கள், அதனால் ஜாக்கெட்டோடு பாருங்கள். நடுவில் தகடு சேர்த்து நீட்டிக் குறைக்கும் கட்டைகள் வளரும் பிள்ளைகளுக்கு நல்லது. கட்டை முனையில் மெத்தென்ற ரப்பர் பட்டை இருக்கட்டும். ஸ்கோப் கண்ணிலிருந்து மூன்றரை அங்குலமாவது தள்ளி இருக்கட்டும். இதை நான் சொன்னால் நீங்கள் கேட்கத்தான் வேண்டும்.

குழல் முனையில் மாட்டும் மசில் பிரேக் உதையை நன்றாகக் குறைக்கும். ஆனால் சத்தத்தைப் பக்கவாட்டில் திருப்பி அடிக்கும். பக்கத்தில் நிற்பவர் காது என்னாவது? பயத்துக்குப் பாதிக் காரணம் சத்தம்தான், உதை இல்லை. காதில் செருகும் ஸ்பாஞ்சு அடைப்பானுக்கு மேல் ஹெட்போன் மாதிரி ஒரு காதுமூடி, இரண்டையும் போட்டுச் சுட்டுப் பாருங்கள். அதே ரைஃபிள் பாதி சாதுவாகிவிடும். வேகத்தைக் குறைத்து ஏற்றிய தோட்டாக்களும் வருகின்றன, ஹார்னடியின் கஸ்டம் லைட் மாதிரி. பழக ஆரம்பிக்க நல்லது. வேட்டைக்கு எடுத்துப்போகும் தோட்டாவில் மறுபடி ஸ்கோப்பைச் சரிபார்க்காமல் போகாதீர்கள், குண்டு வேறு இடத்தில் விழும்.

பழகுவதற்கு நான் வைத்திருக்கும் முறை: ஒரு நாளைக்குப் பதினைந்து தோட்டா, அதற்குமேல் ஒன்றுகூட இல்லை. அதில் ஐந்துதான் மேஜையில். மீதி, தரையில் உட்கார்ந்து, ஊன்றுகோலில் சாய்த்து, சாப்பாட்டுக் காகிதத் தட்டைப் பார்த்து. ஒன்பது அங்குலத் தட்டு, மானின் நெஞ்சுக்குள் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடத்தின் அளவு. ஐந்துக்கு ஐந்தும் தட்டில் விழும் தூரம் எதுவோ அதுதான் என் தூரம். முதல் வருஷம் 120 கெஜம். இப்போது 220. எல்க்கின் நெஞ்சு தாம்பாளம் மாதிரிப் பெரிது, ஆனாலும் நான் தட்டையே வைத்துக்கொள்கிறேன்.

மூன்றாவது வருஷம் குலுக்கலில் பெண் எல்க் டேக், அதாவது ஒன்றைச் சுட அனுமதிச் சீட்டு, கிடைத்தது. மீக்கர் என்ற ஊருக்குக் கிழக்கே, ஃபிளாட் டாப்ஸ் மலை ஓரம், ஆஸ்பென் மரமெல்லாம் இலை உதிர்த்து நிற்கிற நேரம். சட்டம் கேட்கிற 500 சதுர அங்குலத்தை நான் ஆரஞ்சுக்குப் பதில் பிங்க் நிறத்தில் போட்டிருந்தேன். 2016-இலிருந்து அதுவும் செல்லும். 170 கெஜத்தில் ஒன்று தனியாக வெளியே வந்து பக்கவாட்டில் நின்றது. உட்கார்ந்தேன், ஊன்றினேன், முன்னங்கால் மடிப்புக்குப் பின்னால், கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரம். சுட்டேன். அது அப்படியே நின்றது. தவறிவிட்டது என்றே நினைத்தேன். அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொண்டு ஸ்கோப்பில் பார்த்தால், முப்பது அடி நடந்தது, பின்னங்கால் மடங்கி உட்கார்ந்தது, சாய்ந்தது. உதை வந்ததா என்று எனக்குத் தெரியவேயில்லை. விலங்கு முன்னால் நிற்கும்போது யாருக்கும் தெரியாது. ஆனால் ரேஞ்சில் பழகிய பயம் அங்கேயும் கூடவே வரும், தோள் அப்போதும் முன்னே பாயும். அன்றைக்கு என் தோள் பாயவில்லை.

"மானையாடி கொன்னே?" என்று அம்மா போனில் கேட்டாள். கறி எத்தனை கிலோ என்று அடுத்து கேட்டாள். அறுபது கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு என்றேன். எல்க் கறியில் கொழுப்பே கிடையாது, கோலா உருண்டைக்கு நல்லெண்ணெய் ஒரு கரண்டி கூடச் சேர்க்கணும் என்று அவள்தான் கண்டுபிடித்துச் சொன்னாள்.

கடைசியாக ஒன்று. .243, 7எம்எம்-08, .308 மூன்றும் ஒரே கூட்டில் பிறந்தவை. கையுறை போட்ட கையில், விடியாத நேரத்தில், ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியாது. தவறான தோட்டாவை ஏற்றிச் சுட்டால் ரைஃபிளே வெடிக்கலாம். ஒரே வண்டியில் இரண்டு காலிபர் போகிறதென்றால் தோட்டாக்கள் தனித்தனிப் பையில் இருக்கவேண்டும். ஏற்றுமுன் பித்தளைக் கூட்டின் அடியில் பொறித்திருப்பதைப் படிக்கவேண்டும். என் தோட்டாப் பெட்டிகள் எல்லாவற்றிலும் மூடியில் சிவப்பு நெயில் பாலிஷால் கோலப்புள்ளி மாதிரி மூன்று புள்ளி வைத்திருக்கிறேன். மூன்று பெட்டி கொண்டுபோவேன். ஒன்று பையில், ஒன்று வண்டியில், ஒன்று கூடாரத்தில். மீக்கரில் கிடைக்கும் என்று நம்பி ஒரு தடவை போய்ப் பட்டுவிட்டேன்.